பார்க்காத தொடருக்கு நாம் கொடுத்த ஃபத்வா



2021ஆம் ஆண்டு ஷவ்வால் மாதம். ஊரடங்கினால் மக்தப்கள் மூடிக் கிடந்தன. பெருநாள் தொழுகையையும் வீட்டிலேயே முடித்திருந்தோம். அந்நாள்களில் ஒரு செய்தி கைப்பேசிக்குக் கைப்பேசி தாவியது. இங்கிலாந்துத் தொலைக்காட்சி ஒன்று ஹிஜாப் அணிந்த பெண்களின் கையில் கித்தாரையும் டிரம்ஸையும் கொடுத்து இஸ்லாத்தைக் கேலி செய்கிறது, முஸ்லிம்கள் அனைவரும் கண்டிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. உடன் ஒரு படமும் இருந்தது: நிகாப் அணிந்த பெண் ஒருத்தியின் முகத்திரைக்குள்ளிருந்து புகை வெளியே வருகிறது. நான் அதை எங்கள் மத்ரஸா பெற்றோர் குழுவுக்கு அனுப்பினேன். வெறுமனே அனுப்பவில்லை. இந்த ஃபித்னாவிலிருந்து அல்லாஹ் நம் பிள்ளைகளைக் காப்பானாக என்று ஒரு துஆவையும் சேர்த்து அனுப்பினேன். நாற்பது பேருக்கு மேல் ஆமீன் சொன்னார்கள்.

மூன்று ஆண்டுகள் கழித்து, லண்டனில் குடும்பத்தோடு வாழும் என் மூத்த சகோதரி விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தார். அவருடைய மகள் கல்லூரியில் படிக்கிறாள். ஐவேளைத் தொழுகை தவறாதவள், ஹிஜாபுடன் இருப்பவள். பேச்சுவாக்கில் அந்தத் தொடரைப் பற்றி வந்தது. "மாமா, நீங்க அதைப் பார்த்தீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "உங்களுக்கு அனுப்புனவங்க பார்த்தாங்களா?" என்றாள். அதற்கும் எனக்கு விடை தெரியவில்லை. என் சகோதரி மகளை முறைத்தார். ஆனால் மகள் கேட்டது சரியான கேள்வி என்பது எனக்கு உறைத்துவிட்டது.

எந்த ஸூராவை நான் ஆண்டுதோறும் மாணவர்களுக்கு விளக்குகிறேனோ, அந்த ஹுஜுராத் ஸூராவின் ஆறாவது வசனம் இதைத்தான் கட்டளையிடுகிறது. நம்பகமற்ற ஒருவர் செய்தி கொண்டு வந்தால் தீர விசாரிக்க வேண்டும், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்தும்படி ஆகிவிடக் கூடாது. இந்த வசனம் இறங்கிய பின்னணியைக் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். அதே கையால்தான் ஃபார்வர்டு பொத்தானையும் அழுத்தியிருக்கிறேன்.

ஆகவே மனைவியுடன் அமர்ந்து, மருமகள் கொண்டுவந்திருந்த கருவியில் அத்தொடரைப் பார்த்தேன். சில இடங்களில் என் மனைவி ஒலியை நிறுத்தினார், சில இடங்களில் திரையைத் திருப்பி வைத்தார். மறைக்க வேண்டியதில்லை என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்.

தொடரின் பெயர் ‘வீ ஆர் லேடி பார்ட்ஸ்’. பெண்ணின் மறைவான உறுப்பைக் குறிக்கும் ஆங்கிலப் பேச்சு வழக்கு அது. அதை நான் இங்கே மொழிபெயர்க்கப் போவதில்லை. 2021 மே மாதத்தில் சேனல் 4இல் முதல் பருவம் வெளிவந்தது, ஆறு பகுதிகள். இலங்கையின் இறுதிப் போரைப் பற்றிய ஆவணப்படத்தை 2011இல் ஒளிபரப்பியதால் தமிழர்கள் பலருக்கும் தெரிந்த அதே அலைவரிசைதான். இரண்டாம் பருவம் 2024 மே இறுதியில் வந்தது. எழுதி இயக்கியவர் நிதா மன்ஸூர் என்ற பாகிஸ்தானிய வம்சாவளி முஸ்லிம் பெண். பாடல்களில் அவருடன் பங்கேற்றவர்களில் அவருடைய உடன்பிறந்தோரும் உண்டு. மேற்கத்தியச் சதி என்று எழுதிய சகோதரர் இந்த ஒரு விவரத்தைத் தேட இரண்டு நிமிடம் செலவிட்டிருக்கலாம். நானும் செலவிட்டிருக்கலாம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆமினா நுண்ணுயிரியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் இருபத்தாறு வயதுப் பெண். நிகாஹ் ஆக வேண்டும் என்று தவிக்கிறாள். கித்தார் நன்றாக வாசிப்பாள், ஆனால் மேடை ஏறினால் பயத்தில் வாந்தி எடுத்துவிடுவாள். லண்டனில் முழுவதும் முஸ்லிம் பெண்களே கொண்ட ஒரு பங்க் இசைக்குழு கித்தார் கலைஞர் கிடைக்காமல் திண்டாடுகிறது. தலைவி ஸைரா ஹலால் இறைச்சிக் கடையில் வேலை பார்ப்பவள். டிரம்ஸ் அடிக்கும் ஆயிஷா வாடகைக் கார் ஓட்டுகிறாள். பிஸ்மா கணவனும் மகளும் உள்ள, படக்கதை வரையும் கறுப்பினப் பெண். மும்தாஸ் நிகாப் அணிந்த மேலாளர். அந்தப் புகை அவளுடையது, மின் சிகரெட். கையில் காசில்லை, வாசிக்க மேடையில்லை, கேட்க ஆளில்லை. ஆமினாவாக நடிப்பவர் அஞ்சனா வாசன், சென்னையில் பிறந்து சிங்கப்பூரில் வளர்ந்தவர்.

மார்க்கக் கண்ணோட்டத்தில் என் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், இல்லையேல் நாளையே எனக்கெதிராக ஒரு ஃபார்வர்டு வரும். நான் ஓதிய ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்கள் தந்தி இசைக்கருவிகளைத் தடுக்கின்றன. நான்கு மத்ஹபுகளிலும் பெரும்பான்மைக் கருத்து அதுவே. இப்னு ஹஸ்ம் (ரஹ்) போன்றோர் மாற்றுக் கருத்துக் கொண்டிருந்தார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது இஹ்யாவில் கேட்டல் பற்றித் தனி அத்தியாயமே எழுதினார்கள். இவற்றை அறிந்தே நான் பெரும்பான்மைக் கருத்தில் நிற்கிறேன். தொடரில் வரும் கெட்ட வார்த்தைகளையும், மார்க்கம் அனுமதிக்காத உறவுகளை இயல்பாகக் காட்டும் இடங்களையும் நான் ஏற்கவில்லை. பிள்ளைகளுக்குக் காட்டுங்கள் என்று எந்தப் பெற்றோரிடமும் சொல்ல மாட்டேன். (நிகாஹ் வீட்டில் ஒலிபெருக்கி கட்டி நாகூர் ஹனீஃபா அவர்களின் பாட்டை முழு வாத்தியத்தோடு போட்டுக் கேட்டுவிட்டு, லண்டன் பெண்ணின் கித்தாரைக் கண்டு மட்டும் அஸ்தஃபிருல்லாஹ் சொல்பவர்களோடு நான் சேரவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.)

ஒரு பாடலைப் பற்றிக் கூடுதலாகவே சொல்ல வேண்டும். ‘கௌரவக் கொலை’யை வைத்து ஒரு நகைச்சுவைப் பாட்டு முதல் பருவத்தில் வருகிறது. பாட்டின் உள்ளே இருப்பது அக்கா தங்கைச் சண்டை, கண்மையை எடுத்துவிட்டாள் என்பது போன்ற சில்லறைக் கோபம். முஸ்லிம் வீடு என்றாலே கொலைகார வீடு என்று எழுதும் ஆங்கிலப் பத்திரிகைகளை இது கிண்டல் செய்கிறதாம். மருமகள் விளக்கினாள், எனக்கும் புரிந்தது. ஆனாலும் என்னால் சிரிக்க முடியவில்லை. வாரிங்டன் நகரில் 17 வயது ஷஃபிலியா அஹ்மத் 2003இல் கொல்லப்பட்டாள். பெற்றோரே குற்றவாளிகள் என்று 2012இல் தீர்ப்பு வந்தது. லண்டனில் பனாஸ் மஹ்மூத் என்ற பெண் தன் உயிருக்கு ஆபத்து என்று காவல்துறையிடம் திரும்பத் திரும்ப முறையிட்டும் 2006இல் சொந்தக் குடும்பத்தாரின் ஏற்பாட்டில் கொல்லப்பட்டாள். இஸ்லாத்தில் இதற்குக் கௌரவம் என்று பெயரில்லை, கொலை என்றே பெயர். பத்திரிகைக்காரனின் பொய்யைக் கிண்டல் செய்யப் போய், அந்தக் கப்றுகளின் மேல் ஏறி நின்று சிரிக்கக் கூடாது. நிதா மன்ஸூர் அவர்கள் இதைப் படிக்கப் போவதில்லை. படித்தாலும் இதையே சொல்வேன்.

ஆனால் சகோதரர்களே, நாம் அனுப்பிய செய்தியில் இந்த விமர்சனம் எதுவுமே இருக்கவில்லை. அதில் இருந்தது ஒரே ஒரு குற்றச்சாட்டு, இஸ்லாத்தைக் கேலி செய்கிறது என்பது. அது பொய். பன்னிரண்டு பகுதிகளையும் பார்த்தேன். அல்லாஹ்வையோ, ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்களையோ, குர்ஆனையோ, தொழுகையையோ கேலி செய்யும் காட்சி ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. அந்தப் பெண்கள் தொழுகிறார்கள். ஹிஜாபை எவரும் அவர்கள் தலையில் கட்டி வைக்கவில்லை. ஆமினாவின் பெற்றோர் கொடுமைக்காரர்கள் அல்லர். தாய் மகளைப் பார்த்து இப்போதே கல்யாணத்திற்கு என்ன அவசரம் என்கிறார். அவளை நெருக்குவதெல்லாம் அவளுடைய தோழியர் கூட்டமே.

பிரிட்டிஷ் நடிகர் ரிஸ் அஹ்மத் 2017இல் அந்நாட்டு நாடாளுமன்ற வளாகத்தில் ஆற்றிய ஓர் உரையை ஒட்டி, அடுத்த ஆண்டில் ‘ரிஸ் சோதனை’ என்ற அளவுகோல் உருவானது. திரையில் வரும் முஸ்லிம் பயங்கரவாதத்தோடு தொடர்புடையவனா, காரணமின்றிக் கோபப்படுபவனா, மூடநம்பிக்கையும் பிற்போக்கும் உடையவனா, மேற்கத்திய வாழ்வுக்கு அச்சுறுத்தலா, ஆணாயின் பெண்ணை வெறுப்பவனா, பெண்ணாயின் ஆணால் ஒடுக்கப்பட்டவளா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் தோல்விதான். நாம் ஆண்டாண்டுகளாக ஜும்ஆ பயானில் முறையிட்டு வந்த அதே இழிவுகள்தான் இவை. இந்தத் தொடர் அவற்றைத் தவிர்த்துக் கதை சொல்ல முயன்றிருக்கிறது. நாம் கேட்டதை ஒருத்தி செய்ய முயன்றபோது, அவள் மீதே கல்லெறிந்தோம்.

ஆமினா, ஆயிஷா என்னும் முபாரக்கான பெயர்களை இத்தகைய பாத்திரங்களுக்கு வைக்கலாமா என்று ஒரு சகோதரர் கேட்டிருந்தார். நம் தெருவில் எத்தனை ஆமினாக்கள், எத்தனை ஆயிஷாக்கள்! அவர்களில் எவருக்கும் தடுமாற்றமே வராது என்று பெயர் வைத்தபோது யாரும் உத்தரவாதம் வாங்கவில்லை.

முதல் பருவத்தின் பிற்பகுதியில் வரும் ஒரு நிகழ்வுதான் என்னை உலுக்கியது. ஸரீனா என்ற இணையப் பத்திரிகையாளர் இக்குழுவைப் பேட்டி காண்கிறார். சிரித்துப் பேசுகிறார், நட்பாகிறார். கட்டுரை வெளியாகும்போது அவர்கள் சொன்னவை முறுக்கப்பட்டிருக்கின்றன. மார்க்கத்தைத் தூக்கியெறியத் துடிக்கும் கெட்ட பெண்கள் போல அவர்கள் சித்திரிக்கப்பட்டிருக்கிறார்கள். கட்டுரையைப் படித்த முஸ்லிம்கள் பாய்கிறார்கள். வசை மழை பொழிகிறது. ஒருவர்கூட அந்தப் பெண்களிடம் நீங்கள் இப்படிச் சொன்னீர்களா என்று கேட்கவில்லை. குழு சிதறுகிறது, ஆமினா ஒதுங்கிவிடுகிறாள். இந்தக் காட்சி ஓடிக்கொண்டிருக்கையில் என் மருமகள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. வசை எழுதியவர்களின் வரிசையில் தாடியோடு நானும் நிற்பது எனக்கே தெரிந்தது. ஹுஜுராத் ஸூராவின் பன்னிரண்டாவது வசனம் புறம் பேசுவதை இறந்த சகோதரனின் இறைச்சியைத் தின்பதோடு ஒப்பிடுகிறது. நாங்கள் நாற்பது பேர் ஆமீன் சொல்லித் தின்றோம்.

இன்னொன்று அதைவிட வலித்தது. முழுத் தொடரையும் பார்த்து முடித்த பின், இதில் ஆலிம்களை எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். கேலி செய்திருப்பார்கள் என்று எதிர்பார்த்தே உட்கார்ந்தேன், மறுப்பு எழுதவும் தயாராயிருந்தேன். 2012இல் பிபிசியில் வந்த ‘சிட்டிஸன் கான்’ தொடரில் பள்ளிவாசலே சுற்றிச் சுற்றிக் கேலிக்களமாக இருந்தது. இங்கே அதுவும் இல்லை. முக்கியப் பாத்திரங்களில் ஓர் ஆலிமும் இல்லை, ஓர் ஆலிமாவும் இல்லை. அவர்கள் நம்மை வில்லனாகக்கூட ஆக்கவில்லை. அந்தப் பெண்களின் வாழ்க்கையில் நாம் இல்லவே இல்லை.

யோசியுங்கள். ஆமினாவுக்கு மனம் நிறைய கேள்விகள். நான் விரும்பும் இசை பாவமா? பாவமெனில் எந்த அளவு? ஆசையை மறைத்துக்கொண்டு நிகாஹ் பேசுவது ஏமாற்றாகுமா? ஸைரா இறந்துபோன சகோதரியின் துயரத்தைச் சுமந்துகொண்டு பெற்றோரிடமிருந்து விலகி வாழ்கிறாள். இரண்டாம் பருவத்தில் பிஸ்மா தன் நிறத்தையும் ஹிஜாபையும் தாய்மையையும் சேர்த்துக் குழம்புகிறாள். நிறத்தைப் பற்றி அவளிடம் பேச நமக்கு வாயுண்டா என்பது வேறு கேள்வி. பிலால் (ரலி) அவர்களை மிம்பரில் புகழ்ந்துவிட்டு, பெண் பார்க்கும்போது ‘நல்ல நிறமா?’ என்று கேட்கும் சமுதாயம் நாம். இத்தனை கேள்விகளோடு இப்பெண்கள் போய் நிற்க ஓர் ஆள் இல்லை. ஆகவே அவர்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்கிறார்கள், பாட்டாக எழுதுகிறார்கள், தப்பும் தவறுமாகத் தாங்களே விடை தேடுகிறார்கள். தொடர் வேண்டுமென்றே ஆலிம்களை ஒதுக்கியது என்று சிலர் வாதிடலாம். நான் மறுக்கவில்லை. ஆனால் என் மருமகளிடம் கேட்டேன்: "லண்டனில் உனக்கு இப்படியொரு சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பாய்?" சற்று யோசித்து, "கூகுள்ல பார்ப்பேன் மாமா" என்றாள். பதினெட்டு ஆண்டுகளாக மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஒருவன் அவளுக்குச் சொந்தத் தாய்மாமன். என் பெயர் அவள் வாயில் வரவில்லை.

நபி (ஸல்) அவர்கள் காலத்துப் பெண்கள் இப்படியா இருந்தார்கள்? ஆண்களே உங்களைச் சூழ்ந்துகொள்கிறார்கள், எங்களுக்கென்று ஒரு நாள் தாருங்கள் என்று கேட்டார்கள். ஒரு நாள் ஒதுக்கப்பட்டது, புகாரியில் காணலாம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அன்ஸாரிப் பெண்களைப் புகழ்ந்தது எதற்காக? மார்க்கத்தை விளங்கிக்கொள்ள வெட்கம் அவர்களைத் தடுக்கவில்லை என்பதற்காக. உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் சபையில் கேட்ட கேள்வியை இன்று நம் மத்ரஸாவில் ஒரு மாணவி கேட்டால், நாம் பாடத்தை விட்டுவிட்டு அவளுடைய தாயாரை வரவழைப்போம். பெருநாள் அன்று அன்னையின் வீட்டில் இரு சிறுமிகள் புஆஸ் போரைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தபோது அபூபக்ர் (ரலி) அவர்கள் அதட்டினார்கள், நபி (ஸல்) அவர்கள் விட்டுவிடச் சொன்னார்கள். இதிலிருந்து கித்தாருக்கு அனுமதி பிறக்கிறது என்று நான் சொல்லவில்லை. சட்ட வாதம் வேறு. அந்த அறையில் எந்தக் குரல் முந்திக்கொண்டது, எந்தக் குரல் நிலைத்தது என்பதை மட்டும் பார்க்கச் சொல்கிறேன். நம் மஹல்லாக்களில் முந்திக்கொண்ட குரல் மட்டுமே ஒலிக்கிறது.

இனி மறுபக்கம். எங்களையும் திரையில் காட்டிவிட்டார்கள் என்று இத்தொடரைத் தலையில் வைத்துக் கொண்டாடும் நம் படித்த இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் பீபாடி விருது உட்படப் பல பாராட்டுகள் அதற்குக் கிடைத்தன. மகிழ்ச்சி. ஆனால் இரண்டாம் பருவத்தை ஊன்றிப் பாருங்கள். குழுவுக்குப் பெரிய இசை நிறுவனம் ஒன்றின் வாய்ப்பு வருகிறது. ஸைரா உலகில் நடக்கும் அநீதியைப் பாட விரும்புகிறாள். நிறுவனத்திற்கு அது வேண்டாம், வேடிக்கையான பாட்டுப் போதும். சிரிக்க வைக்கும் முஸ்லிம் பெண்ணை வாங்கச் சந்தை இருக்கிறது, கண்ணீரோடு பேசும் முஸ்லிம் பெண்ணை வாங்க ஆளில்லை. இதைச் சொல்வது நானல்லன், அந்தத் தொடரே சொல்கிறது. அது ஒளிபரப்பானபோது காஸாவில் குழந்தைகள் எந்த நிலையில் இருந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நம்மைத் திரையில் ‘காட்டிவிட்டார்கள்’ என்பதிலேயே திருப்தி அடைந்து கைதட்டுபவர்களைவிட, அத்தொடரை எழுதிய பெண் விழிப்போடு இருக்கிறார்.

மருமகள் ஊர் திரும்புவதற்கு முந்தைய இரவு, பெற்றோர் குழுவில் ஒரு செய்தி இட்டேன். 2021இல் நான் அனுப்பியதை விசாரிக்காமல் அனுப்பினேன் என்றும், அதிலிருந்த குற்றச்சாட்டு உண்மையில்லை என்றும், தொடரில் எனக்கு உடன்பாடில்லாத பகுதிகள் எவை என்றும் எழுதி, தவ்பா செய்வதாகவும் குறிப்பிட்டேன். ஆமீன் சொல்ல நாற்பது பேர் வந்த இடத்தில் இதற்கு ஆறு பேர் பதில் தந்தார்கள். ஹஜ்ரத் தொடரெல்லாம் பார்க்க ஆரம்பித்துவிட்டாரா என்று ஒருவர் கேட்டார். இருவர் குழுவிலிருந்து வெளியேறினார்கள். ஒரு தாய் மட்டும் என் மனைவியின் எண்ணுக்குத் தனியாக எழுதினார். தம் மகள் ரகசியமாகப் பாடல் எழுதி வைத்திருப்பதைக் கண்டு அந்த நோட்டைக் கிழித்துவிட்டதாகவும், அன்றிலிருந்து மகள் தம்மோடு பேசுவதில்லை என்றும், எங்கே போய் என்ன கேட்பது என்றே தெரியவில்லை என்றும் எழுதியிருந்தார். அந்தப் பெண் எங்கள் மத்ரஸாவில் ஐந்தாண்டுகள் ஓதியவள். என் மனைவி மறுநாளே அந்த வீட்டுக்குப் போய்வந்தார். இரண்டாம் முறை போனபோதுதான் மகள் அறையிலிருந்து வெளியே வந்தாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

மாதத்தில் ஒரு நாள், ஓர் ஆலிமாவை வைத்து, பெண்கள் எதை வேண்டுமானாலும் கேட்கும் அமர்வு ஒன்றைப் பள்ளியின் மேல்மாடியில் நடத்த அனுமதி வேண்டி நிர்வாகத்திற்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். மூன்று கூட்டங்கள் கழிந்துவிட்டன. ஹவுள் மராமத்து வேலை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறார்கள்.

வஸ்ஸலாம்.